ஆக்குப்புரை ரசிகன்

பிடித்த பத்துப் படங்களைச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் கேட்பவரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துக்கொள்வேன். ஜோல்னாப் பையும் இரண்டு நாள் தாடியும் இருந்தால் ‘பதேர் பாஞ்சாலி’யில் ஆரம்பித்து ‘உதிரிப்பூக்கள்’ வழியாக ஹங்கேரி, பெல்ஜியம் வரை போவேன். ஆபீசில் கேட்டால் ‘நாயகன்’. மாமனார் கேட்டால் ‘தில்லானா மோகனாம்பாள்’. அதுவும் நாதஸ்வரத்துக்காகவே பார்ப்பதாகச் சொல்வேன், அவருக்கு மனசு குளிரும். எல்லாமே நல்ல படங்கள். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தும் இருக்கிறேன். ஆனாலும் மூன்று பதில்களும் பொய். பார்க்காத அந்த ஒரு படம் பின்னால் வந்து என் கழுத்தைப் பிடித்த கதையைப் பிறகு சொல்கிறேன்.

உண்மையான பட்டியல், ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு என் கட்டைவிரல் ரிமோட்டில் போடுவது. அதில் முதலிடம் ‘மைக்கேல் மதன காமராஜ’னுக்கு. 1990 தீபாவளிக்கு வந்தது, சிங்கீதம் சீனிவாச ராவ் எடுத்தது, கமல்ஹாசனுக்கு நான்கு வேடம், கிரேசி மோகன் வசனம் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். எனக்கு அந்த நான்கு பேரில் ஒருவர் போதும். பாலக்காட்டுச் சமையல்காரர் காமேஸ்வரன். மற்ற மூவரின் காதல், கடன், அடிதடி எல்லாவற்றையும் ஓட்டிவிட்டு, கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் விழும் இடத்துக்குப் போய்விடுவேன். காமேஸ்வரன் முகத்திலும், வளர்ப்புத் தகப்பனாக வரும் டெல்லி கணேஷ் முகத்திலும் அப்போது ஓடும் பீதி இருக்கிறதே, அது நடிப்பே இல்லை. சமையல் கெட்டுப்போன கல்யாண வீட்டைப் பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

படத்தின் உச்சக்கட்டத்தில் மலை விளிம்பில் ஒரு வீடு ஆடிக்கொண்டு நிற்குமே, அது சாப்ளினின் ‘கோல்ட் ரஷ்’ஷிலிருந்து வந்தது என்று ஒரு நண்பர் சொன்னார். சரி, மூலத்தையும் பார்த்துவிடுவோம் என்று 1925ஆம் வருஷத்துப் படத்தைத் தேடிப் பார்த்தேன். வீடு ஆடியது, நான் ஆடவில்லை. ஆனால் பசி தாங்காமல் பூட்ஸை வேகவைத்து, அதன் கயிற்றை நூடுல்ஸாகச் சுற்றி, ஆணியை எலும்பாகச் சப்பிச் சாப்பிடுகிறார் பாருங்கள், அங்கே விழுந்துவிட்டேன். அந்த பூட்ஸை அதிமதுர மிட்டாயில் செய்திருந்தார்களாம். அந்தத் தகவல் தெரிந்த பிறகு இன்னொரு முறை பார்த்தேன்.

‘மாயாபஜா’ரும் அப்படித்தான். கே.வி. ரெட்டி 1957இல் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த படம். மார்க்கஸ் பார்ட்லியின் கேமரா வித்தைகளைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். சாவித்திரி ஆண்பிள்ளைத் திமிரோடு நடந்து காட்டும் இடங்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம். நான் பேசியதில்லை. என் கண்ணில் நிற்பது, கல்யாண விருந்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்காரும் எஸ்.வி. ரங்கா ராவ் மட்டுமே. லட்டுகள் தாமாக எழும்பி அவர் வாய்க்குள் போகின்றன. சினிமா கண்டுபிடித்ததன் நோக்கம் நிறைவேறிவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

இந்த நோயை முதலில் கண்டுபிடித்தவள் என் மனைவி. ஒருநாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள், நான் எதை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன் என்று கவனித்துவிட்டு, “ஏங்க, உங்களுக்குப் படம் புடிக்குதா, பந்தி புடிக்குதா?” என்றாள். ரொம்பக் கோபம் வந்தது. நான் யார், உலக சினிமா பார்க்கிறவன். அதை நிரூபிக்க, ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ கதையை அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.

போருக்குப் பிந்தைய ரோம் நகரம், வேலையில்லாதவனுக்குப் போஸ்டர் ஒட்டும் வேலை கிடைக்கிறது, சைக்கிள் திருடு போகிறது. தகப்பனும் மகனும் தேடி அலைகிறார்கள். இதுவரைக்கும் சரளமாக வந்தது. பிறகு, கையில் இருக்கும் கொஞ்சக் காசோடு இருவரும் ஒரு ஓட்டலுக்குள் நுழைகிறார்கள். பாலாடைக்கட்டி வைத்துப் பொரித்த ரொட்டி வருகிறது. பையன் கத்தியையும் முள்கரண்டியையும் வைத்துக்கொண்டு மல்லாடிவிட்டுக் கையாலேயே எடுத்துக் கடிக்கிறான். பாலாடைக்கட்டி நூலாக இழுபடுகிறது. அடுத்த மேஜையில் பணக்கார வீட்டுப் பையன் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். நம்ம பையனும் கடிப்பதை நிறுத்தாமல் அவனைப் பார்க்கிறான். தகப்பனோ, அந்த வேலை நிலைத்திருந்தால் மாசம் எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறான். இந்த இடத்தை நான் வெகுநேரம் விவரித்திருக்க வேண்டும். “சரி, சைக்கிள் கெடச்சுதா?” என்றாள். சட்டென்று ஞாபகம் வரவில்லை.

‘பதேர் பாஞ்சாலி’யைச் சோதித்துப் பார்த்தேன். ரவிசங்கரின் சிதார், சுப்ரதோ மித்ராவின் கேமரா, நாணல் பூக்களுக்கு நடுவே ஓடும் ரயில் எல்லாம் நினைவிருக்கிறது, ஆனால் புத்தகத்தில் படித்ததாக நினைவிருக்கிறது. என்னுடையதாக இருப்பவை இரண்டு. ஒன்று, வாங்கக் காசில்லாமல் மிட்டாய்க்காரரின் பின்னாலேயே துர்காவும் அப்புவும் ஒரு நாயும் வரிசையாகப் போவது. குளத்துத் தண்ணீரில் அந்த ஊர்வலம் தலைகீழாகத் தெரியும். இன்னொன்று, கூன் விழுந்த அந்தக் கிழவி. துர்கா திருடிக் கொண்டுவந்து கொடுக்கும் கொய்யாப்பழத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு களவாணிச் சந்தோஷம் வரும். சுனிபாலா தேவி என்ற பழைய நாடக நடிகை அவர். படம் வெளிவருமுன்பே இறந்துபோனார். சத்யஜித் ராயின் மனிதநேயத்துக்காக எனக்கு இந்தப் படம் பிடிக்கும் என்று மேடையில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் கொய்யாப்பழத்துக்காக.

இதை மாற்றியே தீருவது என்று வைராக்கியம் கொண்டு ஒரு திரைப்பட விழாவுக்குப் போனேன். சாப்பாட்டு ஆசாபாசங்கள் இல்லாத, வறண்ட, கறுப்பு வெள்ளைப் படமாகத் தேடித் தேர்ந்தெடுத்தது பெலா தாரின் ‘டூரின் ஹார்ஸ்’. 2011இல் வந்த ஹங்கேரியப் படம். 146 நிமிஷத்தை முப்பதே ஷாட்டுகளில் முடித்திருக்கிறார் மனுஷர். நீட்ஷே கட்டிக்கொண்டு அழுததாகச் சொல்லப்படும் குதிரைக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதிலிருந்து கதை கிளம்புகிறது. வெட்டவெளியில் ஒரு வீடு, தகப்பன், மகள், குதிரை, ஓயாத காற்று. நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

மகள் இரண்டு உருளைக்கிழங்கை வேகவைத்து மேஜைமேல் வைத்தாள்.

தொலைந்தேன். தகப்பனுக்கு வலது கை வராது. ஆவி பறக்கும் கிழங்கை இடது கையாலேயே தோலுரிக்கிறான். விரல் சுடுகிறது, ஊதுகிறான், உப்பைத் தொட்டுப் பிய்த்து வாயில் போடுகிறான், பாதியை அப்படியே விட்டு எழுந்துவிடுகிறான். மறுநாளும் கிழங்கு. அதற்கு மறுநாளும் கிழங்கு. ஒவ்வொரு நாளும் கேமரா வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறது. உலகம் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துகொண்டிருக்கிறது என்பது படத்தின் விஷயம். என் வயிறு அதை வேறு மாதிரி புரிந்துகொண்டது. பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் வேறு போட்டது. நடுவில் எழுந்து, குனிந்தபடியே வெளியே வந்து, எதிர்ச் சாரியில் இருந்த டீக்கடையில் உருளைக்கிழங்கு போண்டா தின்றுவிட்டுத் திரும்பினேன். அதற்குள் வீட்டில் விளக்கும் நெருப்பும் அவிந்து, தகப்பனும் மகளும் பச்சைக் கிழங்கின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவன் ஒரு கடி கடிக்கிறான். அரங்கம் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்த அந்தக் காட்சியில் என்னிடமிருந்து ஒரு போண்டா ஏப்பம் வந்தது. தாரின் கடைசிப் படத்துக்கு நான் செலுத்திய மரியாதை அது.

இப்படி ஆனதற்குக் காரணம் எனக்குத் தெரியும். என் பெரியப்பா தவசுப்பிள்ளை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு, கல்யாணச் சமையல் தலைவர். பள்ளிக்கூட விடுமுறை விட்டால் என்னையும் கூடவே கூட்டிப் போவார். அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, வாடகைக்கு டிவியும் டெக்கும் எடுத்து வந்து பந்தலில் விடிய விடியப் படம் போடுவார்கள். முதலில் ஒரு சாமி படம், அப்புறம் பெரியவர்களுக்காக ஒரு சிவாஜி படம், நள்ளிரவு தாண்டினால் புதுப்படம். சனங்கள் பந்தலில் பாய் விரித்துப் பார்ப்பார்கள். நாங்கள் இருந்தது வீட்டுக்குப் பின்னால், தென்னந்தட்டி மறைத்த ஆக்குப்புரையில். தட்டியில் ஒரு பொத்தல் இருந்தால் திரையில் பாதி தெரியும். சத்தம் முழுக்கக் கேட்கும்.

இப்படித்தான் நான் தமிழ் சினிமாவைக் கற்றேன். ஒரு கண் பொத்தலில், ஒரு கண் சின்ன வெங்காயத்தில். கதாநாயகி கண்ணீர் விட்டபோதெல்லாம் எனக்கும் கண்ணீர் வந்தது, காரணம் வேறு. கோட்டை அடுப்பில் சருவம் ஏறி, தேங்காய் எண்ணெய் காய்கிற வாசனை வரும்போது அங்கே யாராவது யாரையாவது மன்னித்துக்கொண்டிருப்பார்கள். மறுவீட்டுக்குச் சொதி என்றால் என் வேலை உருளைக்கிழங்கு. மூட்டை மூட்டையாக வெந்து இறங்கும். ஆறுவதற்குள் உரிக்க வேண்டும். கொஞ்சம் கை நின்றாலும், “ஏல, படத்துல என்னல பார்வ? கெழங்கப் பாரு” என்று பெரியப்பா அரிகரண்டியை ஓங்குவார். அடித்ததில்லை. முதல் தேங்காய்ப் பாலை ஊற்றிய பிறகு சொதி கொதித்துவிடக் கூடாது, திரிந்துபோகும் என்பதால் அந்த நேரத்தில் மட்டும் எல்லாரும் திரைக்கு முதுகைக் காட்டி நிற்போம். எத்தனையோ படங்களின் உச்சக்கட்டம் எனக்கு அப்படித் தவறிப் போயிற்று. முடிவு தெரியாமலே படத்தைப் பிடித்துப்போகிற பழக்கம் அங்கே வந்ததுதான்.

இப்போது அந்தப் பார்க்காத படத்துக்கு வருகிறேன். ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் பத்திரிகை 1952 முதல் பத்து வருஷத்துக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுத்து உலகின் தலைசிறந்த படத்தை அறிவிக்கிறது. முதல் தடவை ‘பைசைக்கிள் தீவ்ஸ்’. அப்புறம் ஐந்து தடவை ‘சிட்டிசன் கேன்’. 2012இல் ‘வெர்டிகோ’. 2022இல் 1,600க்கும் மேற்பட்டவர்கள் வாக்களித்து முதலிடம் கொடுத்தது, ஷாந்தால் அக்கர்மான் என்ற பெல்ஜியப் பெண் 1975இல் எடுத்த ‘ஜான் தீல்மன்’ படத்துக்கு. ஒரு பெண் இயக்கிய படம் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. படம் வெளியானபோது அக்கர்மானுக்கு இருபத்தைந்து வயது நிரம்பவில்லை. ஓடும் நேரம் 201 நிமிஷம். இதெல்லாம் செய்தியில் வந்ததும், எங்கள் பகுதித் திரைப்படக் கழகத்துக்கு நான் எழுதிக் கொடுத்த பத்துப் படப் பட்டியலில் அதையும் செருகினேன். நான்காவது இடம். முதலிடம் கொடுத்தால் சந்தேகம் வரும் பாருங்கள்.

சில மாதம் கழித்து அவர்கள் அந்தப் படத்தையே திரையிட்டார்கள். முடிந்ததும் பேச என்னை அழைத்தார்கள். எனக்கு அதில் ஆழ்ந்த ஈடுபாடு என்று பட்டியலே சாட்சி சொல்லியது. நான் கூட்டத்தோடு சேர்ந்துதான் அன்றைக்கு முதன்முதலாகப் பார்த்தேன். பேச்சு மட்டும் தயாராக இருந்தது: காலம், பெண்ணின் உழைப்பு, அசையாத கேமரா என்று ஊரார் எழுதியதையெல்லாம் அரைத்து வைத்திருந்தேன்.

பிரசல்ஸ் நகரில் ஒரு விதவை. படிக்கிற மகன். சமைக்கிறாள், துடைக்கிறாள், கட்டில் விரிக்கிறாள், பிற்பகலில் பணத்துக்காக ஒரு ஆடவனை வீட்டுக்குள் அனுமதிக்கிறாள். அதுவும் அடுப்பில் கிழங்கு வேகிற நேரத்துக்குள். மூன்று நாட்கள். இரண்டாம் நாள் கிழங்கு குழைந்துவிடுகிறது. அந்தப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குள் இங்கும் அங்கும் நடக்கிறாள், எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அரங்கில் பாதிப் பேர் செல்போனில் மணி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிழங்கைக் கொட்டிவிட்டு, கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கி வந்து உட்கார்ந்து தோல் சீவுகிறாள். முதல் நாள் சீராகக் கத்தி ஓடிய அந்தக் கையில் இப்போது நிதானம் இல்லை. நிறுத்துகிறாள், சீவுகிறாள், மறுபடி நிறுத்துகிறாள். ஆக்குப்புரையில் இப்படி ஒரு கையைப் பார்த்தால் பெரியப்பா கத்தியை வாங்கி வைத்துவிட்டு, “போயி மொகம் கழுவிட்டு வா” என்பார்.

மேடை ஏறினேன். தயாரித்த பேச்சு வாயில் வரவே இல்லை. கிழங்கு பற்றிப் பேசினேன். குழைந்த கிழங்கைக் கொட்டியிருக்க வேண்டாம், கடுகு தாளித்து மசியல் பண்ணியிருக்கலாம் என்றேன். பச்சைக் கிழங்கைச் சீவுவதற்கும் வெந்ததை உரிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கையாலேயே செய்து காட்டினேன். ‘டூரின் ஹார்ஸ்’ கிழங்கோடு ஒப்பிட்டேன். மூன்றாம் நாள் அவள் பிசையும் கொத்துக்கறியில் ஈரம் கூடிவிட்டதோ என்ற சந்தேகத்தையும் பதிவு செய்தேன். கேள்வி நேரத்தில் ஒரு இளம்பெண் எழுந்து, “சார், கொலையைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே?” என்று மரியாதையாகக் கேட்டார்.

ஆம், படத்தில் ஒரு கொலை நடக்கிறது. மூன்று மணி நேரமும் எதற்காகச் சேர்த்துச் சேர்த்துக் கட்டப்பட்டதோ அந்தக் கொலை. அதை நான் மறந்தே போனேன்.

கழகத்தின் மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், வெளியே வந்ததும் டீ வாங்கிக் கொடுத்தார். திட்டப் போகிறார் என்று குனிந்து நின்றேன். அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “எங்கப்பா ரயில்வேயில கார்டு. எனக்கு ரயில் வர்ற படம்னா போதும் சார். ஜப்பான்காரர் ஓசு படம் எல்லாம் நான் பாக்கறது அதுக்குத்தான். குடும்பம், முதுமைன்னு கட்டுரை எழுதினதெல்லாம் சும்மா” என்றார். டம்ளரை வைக்கும்போது, “இத எங்கயும் எழுதிடாதீங்க” என்றும் சொன்னார். எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

அவர் சொன்னதில் ஒரு தைரியம் வந்து பூர்தியு எழுதிய ‘டிஸ்டிங்ஷன்’ புத்தகத்தைப் புரட்டினேன். 1979இல் வந்த பிரெஞ்சுச் சமூகவியல் நூல். பிரான்சில் அறுபதுகளில் ஆட்களிடம் கேட்டு எடுத்த கணக்குகளை வைத்து, ரசனை என்பது பிறவியில் வருவதல்ல, வளர்ந்த வீடும் படித்த படிப்பும் போட்ட முத்திரை என்று காட்டுகிறார். மேல்தட்டார் இயக்குநர் பெயரை நினைவில் வைத்திருக்கிறார்கள், மற்றவர்கள் நடிகர் பெயரை. சாப்பாட்டையும் சினிமாவையும் ஒரே புத்தகத்தில் வைத்துப் பேசியதற்காக அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். இருந்தாலும் என்னை எந்தக் கட்டத்தில் போடுவது என்று அவருக்கும் தெரிந்திருக்காது. ஓசுவின் 1952ஆம் வருஷத்துப் படம் ஒன்றில், பட்டிக்காட்டிலிருந்து வந்த கணவன் சோற்றில் சூப்பை ஊற்றி உறிஞ்சுவான். பணக்கார வீட்டு மனைவிக்கு அதைப் பார்க்கவே சகிக்காது. கடைசியில் ஒரு நள்ளிரவில், வேலைக்காரி தூங்கிவிட, சமையலறையில் எது எங்கே இருக்கிறதென்று தெரியாமல் துழாவி, சோற்றில் டீயை ஊற்றி இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். பூர்தியு சொல்ல வந்ததில் பாதியை அந்த ஒரு கிண்ணம் சொல்லிவிடுகிறது. நான் சாப்பாட்டுப் புத்தியில் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

இந்தத் தெளிவு வந்த சூட்டில் இன்னொரு அனர்த்தம் செய்தேன். ஆபீசில் என் மேலதிகாரி நல்ல படமாக ஒன்று சொல்லுங்கள், குடும்பத்தோடு பார்க்க வேண்டும் என்றார். முதன்முறையாக உண்மையைச் சொல்வோம் என்று ‘பாபெட்ஸ் ஃபீஸ்ட்’ பெயரைச் சொன்னேன். 1987இல் கேப்ரியல் ஆக்சல் எடுத்த டேனிஷ் படம், ஆஸ்கர் வாங்கியது. பக்தியே உணவாக வாழும் ஒரு கடலோரக் கிராமம். அங்கே அடைக்கலமாக வந்த பிரெஞ்சுக்காரி, லாட்டரியில் விழுந்த பத்தாயிரம் பிராங்க்கையும் கொட்டி ஒரே ஒரு விருந்து சமைக்கிறாள். சாப்பாட்டின் ருசியைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு வந்து உட்காரும் கிழவர்கள் மெல்ல மெல்ல இளகுவார்கள். அதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. மேலதிகாரியின் வீட்டில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை என்பது மட்டும் அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. படத்தில் உயிருள்ள ஆமை ஒன்று சமையலறைக்கு வந்து இறங்கும்; சூப் அதில்தான். அடுத்து, தலையோடு பரிமாறப்படும் காடைகள். திங்கட்கிழமை காலை அவர் என்னிடம் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த டேனிஷ் கிழவர்கள்கூட அவ்வளவு உறுதியாக வாயைக் கட்டவில்லை.

மிச்சம் இருந்தது மகள். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாள். அவளுக்குப் பேய்ப் படம்தான் பிடிக்கும். அதையும் முக்கால்வாசி கண்ணை மூடிக்கொண்டே பார்ப்பாள். அவளிடம் வாதாடி, கெஞ்சி, ‘மைக்கேல் மதன காமராஜன்’ பார்க்க உட்காரவைத்தேன். சிரிக்க வேண்டிய ஒவ்வொரு இடத்துக்கும் முன்னால் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் செல்போனைப் பார்த்தாள். நான் முன்கூட்டியே சிரித்து வழிகாட்டினேன். “அப்பா, நீங்க சிரிக்கிறதுல டயலாக் கேக்கல” என்றாள். இந்த வசனங்களைக் கேட்க முப்பது வருஷத்துக் காது வேண்டும்போல என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். சாம்பாரில் மீன் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

“அது என்ன மீன்ப்பா?”

இவ்வளவு காலத்தில் நான் அதை யோசித்ததே இல்லை. பின்னுக்கு ஓட்டினேன். திரையருகே போய் முட்டிபோட்டு உட்கார்ந்தேன். சங்கராவாக இருக்குமோ என்றேன். விலாங்கு என்றாள் அவள், கடல் மீனுக்கும் ஆற்று மீனுக்கும் வித்தியாசம் தெரியாத தைரியத்தில். மறுபடியும் ஓட்டினேன். மூன்றாம் தடவை அவளே ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்தினாள். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எங்கள் தலைகளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“மீன் கெடக்கட்டும்ங்க. மொதல்ல அந்தச் சாம்பாருல பருப்பே பத்தாது.”